மீரான் பாய் இழுத்த எர்த் கம்பி

செம்பூரில் ஒரு கட்டடத்தில் ஒயரிங் செய்துகொண்டிருந்தேன். எனக்குப் போன் வந்திருப்பதாகக் காவல்காரர் கூப்பிட்டார். தாராவி டீக்கடைக்காரர் பேசினார். மீரான் பாய்க்குக் கரண்ட் அடித்துவிட்டது என்றார். யாருக்கு நடந்தாலும் அவருக்கு நடக்காது என்று நினைத்தபடியே பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மேலப்பாளையத்துக்காரரான மீரானும் நானும் கூட்டாக வேலை எடுத்து வந்தோம். அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். ஒரு தோல் பட்டறை முதலாளி, எர்த்துக்கு மெல்லிய கம்பி போதும், அதில் கரண்டே ஓடுவதில்லையே என்றார்.

"ஓடாத வரைக்கும் சரிதான் அண்ணாச்சி. மிஷின்ல கோளாறு வந்துட்டா மொத்தக் கரண்டும் அதுலதான் ஓடும். பியூஸ் போறதுக்கு முன்னாடி கம்பி எரிஞ்சு போச்சுன்னா, மிஷினத் தொட்டவன் கதி என்ன?"

முதலாளி சிரித்தார். வேலை வேறொருவருக்குப் போனது. எனக்குக் கோபம். பாய் எனக்குக் கரும்புச்சாறு வாங்கித் தந்துவிட்டு, அந்தப் பட்டறையில் மிஷின் ஓட்டும் ஒருவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

தம் வீட்டுக்குத் தடித்த செம்புக் கம்பி இழுத்து, குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டுப் புதைத்திருந்தார். பக்கத்து வீட்டு ஆறுமுகத்தின் தண்ணீர் மோட்டாருக்கு நூல் போல ஒரு எர்த் கம்பி. தாமே மாற்றித் தருவதாகப் பலமுறை சொன்னார். மழை விடட்டும் பாய் என்று ஆறுமுகம் தள்ளிப்போட்டார்.

மழை விடவில்லை. அன்று மோட்டாரில் கோளாறு வந்து அந்தக் கம்பி எரிந்து அறுந்தது. பியூஸ் போகவில்லை. மோட்டார் ஒட்டியிருந்த தகரச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. ஜும்மா தொழுதுவிட்டு நனைந்து வந்த பாய், செருப்பைக் கழற்ற அந்தச் சுவரில் கை ஊன்றியிருக்கிறார்.

நான் போனபோது ஆறுமுகம் வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாயின் மனைவி ஜீனத் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துப் போட்டாவளே அண்ணே, எங்க வீட்டுல என்ன கொற வச்சாவ?"

ஒரு குறையும் இல்லை என்றேன்.

"அப்பொ எப்படிப் போனாவ?"

பதில் எனக்குத் தெரியும். ஆறுமுகம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம்தான். இப்போது எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அக்கம்பக்கத்துக் கதவுகளையும் தட்டி, உங்கள் எர்த் கம்பியைப் பார்க்கலாமா என்று கேட்கிறேன். பலர் திறப்பதில்லை. திறப்பவர்களும் யார் நீ என்று இந்தியில் கேட்டுவிட்டு மூடிக்கொள்கிறார்கள். மூடிய கதவின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்கிறேன். பிறகு அடுத்ததைத் தட்டுகிறேன்.