வனிலாப் போத்தலின் பின்பக்கம்

என் பட்டர் கேக்கைப் பற்றி நான் கொஞ்சம் பீற்றிக்கொள்வேன். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் என் வீட்டிலிருந்துதான் போகும். கீழ்வீட்டு முஸ்லிம் பெண்மணிக்கு ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒன்று போகும், அங்கிருந்து வட்டிலப்பம் மேலே வரும். பதினொரு வருடமாக இப்படித்தான். அவர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். நான் தங்கச்சி என்பேன், அவர் அக்கா என்பார்.

போன வருடம் அவருடைய மகளைப் பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. "கேக் உங்கட கையால வேணும் அக்கா" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து என் கூடப்பிறந்தவள் அசல் வனிலா ஒரு சின்னப் போத்தல் அனுப்பியிருந்தாள். கடை எசன்ஸ் மூடியைத் திறந்ததுமே ஊரைக் கூட்டும். இது அடக்கமாக மணந்தது. போதாதோ என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு விட்டேன். காலை பத்து மணிக்கே கேக்கைக் கீழே கொடுத்துவிட்டு வந்தேன்.

கனடாவிலிருப்பவளுக்கு அனுப்பலாமென்று போத்தலைப் படம் எடுக்கப் போனபோதுதான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பின்பக்கத்தை வாசித்தேன். முப்பத்தைந்து வீதம் அல்ககோல் என்று இருந்தது. போத்தலைக் கொண்டுபோய்க் கணவரிடம் காட்டினேன்.

"அவண் சூட்டுக்குள்ளை கேக் வெந்தா உதெல்லாம் பறந்துபோயிடுமப்பா. நீர் சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார் கணவர்.

பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். சொன்னால் இனி என் கையால் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார்களோ என்று பயம். ஆனால் என்னை நம்பிக் கீழ்வீட்டுத் தங்கச்சி ஒரு துண்டை வாயில் வைப்பதை நினைத்தபோது தாங்கமுடியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினேன்.

"தங்கச்சி, அந்தக் கேக்கை வெட்டாதேங்கோ. அதிலை விட்ட வனிலாவிலை அல்ககோல் கிடக்கு. நான் பார்க்காமல் விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கேக் ஏற்கனவே நல்ல கண்ணாடித் தட்டில் ஏறி மேசை நடுவில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். "நாலு மணிக்குத்தானே வாராங்க. இன்னொண்டு செய்ய ஏலுமா அக்கா?"

கேட்டதும் எனக்கு உயிர் திரும்பி வந்தது. மேலேயிருந்து கேக் அடிக்கும் பீட்டர் மெஷினைத் தூக்கிவந்து அவர் குசினியிலேயே தொடங்கினோம். முதல் கேக்கை என் கணவருக்கு அனுப்பிவிட்டோம். அவருக்கு அதில் ஒரு ஆட்சேபமும் இல்லை. வனிலா இல்லாமல் முட்டையின் வெடுக்கு நாற்றத்தை எதைக்கொண்டு அடக்குவது? தங்கச்சி பன்னீர்ப் போத்தலை எடுத்தார்.

"ஐயோ, கலியாண வீடு மாதிரி மணக்குமே!"

"அதுக்குத்தானே அக்கா வாராங்க."

சிரித்துச் சிரித்துக் கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். தேசிக்காய்த் தோலில் பச்சையை மட்டும் துருவி, ஏலக்காய்த் தூளும் சேர்த்துச் சீனியோடு கையால் பிசறினேன். அப்படிப் பிசறினால்தான் வாசம் சீனியில் ஏறும். அவர் ஆசைக்கு அரைத் தேக்கரண்டி பன்னீர்.

பட்டர் நுரைத்து வரும்போது பீட்டரை நிறுத்தி, மனதில் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டேன். "பதினொரு வருஷமா நான் என்ன எசன்ஸ் விடுறனான் எண்டு நீங்கள் ஒருநாளும் கேட்கேல்லையே?"

அவர் மாவை அரிதட்டில் அரித்தபடியே சொன்னார். "முதல் பெருநாளைக்குத் தந்தத அப்படியே மூடி வெச்சிட்டுக் கடைக்குப் போனன் அக்கா. எங்கட சந்திக் கடையில ஒரே ஒரு எசன்ஸ்தானே விக்கிற. போத்தலத் திருப்பி வாசிச்சிப் பாத்தன், அல்ககோல் இல்ல. அதுக்குப் பொறகுதான் சாப்பிட்ட."

"பிறகு?"

"பொறகு பாக்கல்ல. நீங்க செய்றதுதானே."

நான் பீட்டரை மறுபடி போட்டேன். பட்டரும் சீனியும் போதுமான அளவு நுரைத்திருந்தன. ஆனாலும் அந்தச் சத்தத்துக்குள் அழுது முடியும்வரை அதை நிறுத்தவில்லை.