படுதாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில்

யுத்தம் முடிந்த வருஷம் ஊரெங்கும் பரவிய விஷ ஜுரத்தில் எங்கள் மகன் தீத்துவை ஆம்பூரில் அடக்கம் பண்ணினோம். மூன்று வயதுப் பிள்ளை. அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் வரிசையாகக் குழிகள் வெட்டி வைத்திருந்தார்கள். உபதேசியார் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஜெபமாகச் செய்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், அவர் வீட்டிலும் ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். நான் அழவில்லை. மறுநாள் காலையில் தோல் கிடங்குக்கு வழக்கம்போல வேலைக்குப் போனேன். என் மனைவி சாராள் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

சகோதரரே, சகோதரிகளே, அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்து உட்கார்ந்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை. யாராவது அவளை ஏதாவது கேட்டால் அவளுக்குப் பதிலாக நான் சொல்லிவிடுவேன். எனக்கும் உள்ளே அப்படித்தான் இருந்தது. நான் பேசினேன், அவள் பேசவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் நெஞ்சு மரத்துப் போயிருந்தது. வலிக்கவும் இல்லை.

அவளுடைய தாய்வீடு மாதனூர். அங்கே பாதிப் பேர் ஞானஸ்நானம் பெற்றவர்கள், பாதிப் பேர் பெறாதவர்கள். பேச்சு நின்றுபோனதைக் கேட்டதும் அத்தனை பேரும் ஒரே வாயாகப் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். பள்ளிகொண்டாவுக்கு அப்பால் ஒரு பேயோட்டி இருக்கிறான், மிளகாய்ப் புகை போட்டுப் புளியம் விளாறால் அடிப்பான். அவனிடம் கூட்டிக்கொண்டு போன ஒரு பெண் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. சாராளின் அண்ணன் சின்னப்பன் நல்ல மனிதன், தங்கை மேல் உயிர். அந்தப் பிரியத்தினால்தான் அவளை அங்கே கொண்டுபோகத் துடித்தான்.

கோடை தொடங்கியபோது என் முதலாளி சாயபு என்னை வேலூரில் இருந்த தன்னுடைய தோல் மண்டிக்கு மாற்றினார். பதனிட்டு வரும் தோல்களைத் தரம் பிரித்து அடுக்குவது என் வேலை. ஊர் மாறினால் அவளுக்கு நல்லது என்று நினைத்துச் சம்மதித்தேன். தங்க இடம் இல்லை. வேலூர் உபதேசியார் மனமிரங்கி மிஷன் பள்ளிக்கூடத்தில் ஓர் அறையைத் திறந்துவிட்டார்.

"லீவு முடியற வரைக்கும் இருந்துக்குங்க. பள்ளிக்கூடம் தெறந்துட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது," என்றார்.

இதைக் கேள்விப்பட்ட சின்னப்பன் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான். "அதுக்குள்ள ஒரு வூடு புடிச்சா என் தங்கச்சி உன்கூட இருக்கட்டும் மச்சான். இல்லன்னா நான் வந்து கூட்டினு போய்டுவேன். பள்ளிக்கூடத்து பெஞ்சியில படுக்கவா அவளக் கட்டிக் குடுத்தோம்?" நியாயமான பேச்சு.

வீடு தேட எனக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமைகள்தான். தோல் ஊர்களில் வேலைக்கு இருக்கிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலாளிகள் சாயபுமார்கள் ஆகையால் மண்டிக்கும் கிடங்குக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டு. ஆராதனைக்கு மட்டும் ஒரு நடை போய்வர எங்கள் சாயபு அனுமதி தருவார். ஆகவே வெள்ளிதோறும் சாராளைப் பின்னால் நடக்க விட்டுக்கொண்டு கத்திரி வெயிலில் வேலூரின் தெருக்களை அளந்தேன்.

எல்லா வீட்டிலும் அதே கேள்விகள். எந்த ஊரு? இன்னா வேலை? எத்தினி பசங்க? இரண்டாவது கேள்விக்கு நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் கை பதில் சொல்லிவிடும். தோல் பதனிடும் கடுக்காயின் கறை நகக்கண்ணில் ஏறினால் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றும் பார்த்தேன், அவர்கள் மூக்கை என்ன செய்வது? எங்கள் சபையிலேயே ஒருவரிடம் காலியாக ஒரு பகுதி இருந்தது. "நமக்குள்ள இன்னா இருக்குது தம்பி, மத்த குடித்தனக்காரங்கதான் மூஞ்சி சுளிப்பாங்க," என்றார். கர்த்தருடைய பந்தியில் என் பக்கத்தில் முழங்கால் படியிடுகிறவர், கிணற்றடியில் பக்கத்தில் வேண்டாம் என்கிறார். கோபம் வரவேண்டிய இடம். எனக்கு வரவில்லை. தோத்திரம் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

மூன்றாவது கேள்விக்கு நானே முந்திக்கொண்டு "இல்லை" என்று சொல்லிவிடுவேன். சாராள் என் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஓரிடத்தில் மாட்டுக் கொட்டகையைத் தடுத்து வீடு என்றார்கள். அதற்கும் சரி என்றேன். சாயங்காலம் போனால் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்கள்.

மண்டியில் என்னோடு வேலை செய்த காதர் பாய் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார். "ஏன்யா இப்படி பேஜார் படுற? எங்க தெருவுல தேடு. தோலு நாத்தத்துக்கு அங்க எவனும் மூக்கப் பொத்த மாட்டான்."

உண்மைதானே என்று அடுத்த வெள்ளிக்கிழமை நேராக அந்தத் தெருவுக்குப் போனேன். சாராளுக்குத் தலைவலி என்று தனியாகப் போனேன், அதுவும் நடுப்பகலில் போனேன். இதைவிடப் பெரிய மடத்தனம் ஒரு வேதக்காரன் செய்ய முடியாது. ஆண்கள் எல்லாரும் ஜும்மாத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் இருந்தார்கள். வீடுகளில் அந்நிய ஆண்கள் கண்ணில் படாத கோஷாப் பெண்கள் மட்டும். நானோ படுதா தொங்கும் ஒவ்வொரு வாசலாக நின்று "வீடு காலி இருக்குதாம்மா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு போகிறேன். தொழுகை முடிந்து வந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஆம்பள இல்லாத நேரமாப் பாத்து இன்னாடா வேல உனக்கு இங்க?" என்று ஒருவர் சட்டையைப் பிடித்துவிட்டார். காதர் பாய் நடுவில் புகுந்திராவிட்டால் அன்றைக்கு அடி வாங்கியிருப்பேன்.

அவர் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டுபோய்த் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, தன் சித்தி வீட்டின் பின்பகுதி காலியாக இருக்கிறது என்றார். சித்தி விதவை, தெருவில் பீபி என்றுதான் கூப்பிடுவார்கள். மகன் தோல் வாங்குவதற்காகப் பேரணாம்பட்டிலேயே தங்கிவிட்டான். மருமகளும் அவரும்தான் வீட்டில்.

"சித்தி குடுப்பாங்க. ஆனா உன்கூடப் பேச மாட்டாங்க. உள்ள நீ காலு வைக்க முடியாது. உன் சம்சாரத்த அனுப்பு, அது பாத்துப் பேசட்டும். புடிச்சிருந்தா குடுப்பாங்க."

"அவ பேச மாட்டாளே பாய்," என்றேன்.

"அப்போ கஷ்டம்தான்," என்றார்.

மறுவாரம் பள்ளிக்கூடம் திறக்கிறது. இருப்பது ஒரே வெள்ளிக்கிழமை. முந்தின மாலை பள்ளிக்கூடத்து அறையில் முழங்காலில் நின்றேன். இங்கே உங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் கண்ணீரோடு ஜெபித்தேன் என்று சொன்னால் அது பொய். வகுப்பில் பேர் கூப்பிடும்போது பிள்ளைகள் ஆஜர் சொல்வதுபோல, "ஆண்டவரே, வீடு வேண்டும், ஆமென்," என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தையும் வரவில்லை. நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடியும்வரை காத்திருந்து இருவரும் போனோம். பின்பகுதிக்கு ஒரு சந்தில் தனி வாசல். அதில் சாக்குப் படுதா தொங்கியது. நான் தொண்டையைக் கனைத்து, காதர் பாய் அனுப்பினார் என்றேன்.

"நீ அங்கயே நில்லு. அவ மட்டும் உள்ள வரட்டும்," என்றது வயதான பெண்குரல்.

சாராள் என்னைப் பார்த்தாள். பிறகு படுதாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சந்தில் வெயிலில் நின்றேன்.

"பேரு இன்னாம்மா?"

பதில் இல்லை.

"உன்னத்தான். பேரு இன்னா?"

என் வாய் திறந்துவிட்டது. பழக்கம். ஆனால் கோஷா வீட்டுக்குள் அந்நிய ஆண் சந்திலிருந்து குரல் கொடுத்தால் அத்தோடு அந்த வீடு போயிற்று. போன வாரம் பட்டது போதாதா? பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்துக்கொண்டேன். கர்த்தாவே என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை, சும்மா நின்றேன்.

"எத்தினி பசங்க?"

எல்லாம் முடிந்தது, இனி சின்னப்பனோடு மாதனூருக்கு வண்டிதான் என்று நினைத்தேன். அப்போது ஒரு குரல் வந்தது. எண்ணெய் காணாத கிணற்று ராட்டினம்போலக் கரகரவென்று வந்தது. அது என் மனைவியின் குரல் என்று எனக்கு உடனே புரியவில்லை.

"ஒரு பையன் இருந்தான். தீத்துன்னு பேரு. ஜொரத்துல போய்ட்டான்."

பிறகு பீபியின் குரல் கேட்டது, முன்பிருந்த அதிகாரம் அதில் இல்லை. "எங்க வூட்லயும் அதே ஜொரம்தாம்மா. பேரன் ஒண்ணு, என் பொண்ணு ஒண்ணு. ஒரே வாரத்துல."

அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெகுநேரம் கழித்துச் சாராள் கேட்டாள். "கெணத்துத் தண்ணி உப்பா, நல்ல தண்ணியா?"

"பருப்பு வேகும். பயப்படாத," என்றார் பீபி.

வீடு கிடைத்துவிட்டது. சந்தில் அப்படியே குந்திவிட்டேன்.

மண்டியில் தோல் இழுக்கும் கைவண்டியில்தான் சாமான்களைக் கொண்டுவந்தோம். ஒரு டிரங்குப்பெட்டி, அம்மி, பாத்திரங்கள், பாய். எல்லாம் தோல் நாற்றம் அடித்தது, யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பால் காய்ச்சும்போது பீபி மருமகளிடம் சர்க்கரை கொடுத்தனுப்பினார். எனக்கு மட்டும் ஒரு சட்டம். கிணற்றடி பொதுவானது ஆகையால், நான் சந்தின் முனையிலிருந்தே இருமிக்கொண்டு வர வேண்டும், பெண்கள் உள்ளே போனபிறகே நுழைய வேண்டும். சளி பிடிக்காதவன் ஊரே கேட்க இருமக் கற்றுக்கொண்டேன். உபதேசியார் என்னைக் காசநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் அளவுக்கு அதில் தேர்ந்துவிட்டேன்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் சின்னப்பன் சொன்னபடி வண்டியோடு வந்தான். பள்ளிக்கூடத்தில் விசாரித்துவிட்டு நேரே மண்டிக்கு வந்து நின்றான். வீடு கிடைத்துவிட்டது என்றேன். அவன் நம்பவில்லை. "வூடு கெடச்சா போதுமா மச்சான்? பேய் போய்டுச்சா? நான் அவளக் கூட்டினு போறேன்," என்றான். பேசிக்கொண்டே சந்துக்கு வந்துவிட்டோம். படுதாவைத் தூக்கப் போனவனின் கையைப் பிடித்தேன்.

"கோஷா வூடு. கெணத்தடில பொம்பளைங்க இருப்பாங்க, உள்ள போகக் கூடாது."

"என் தங்கச்சியப் பாக்க எவன் இன்னா சொல்றது?"

"இங்கயிருந்து கூப்டு," என்றேன்.

ஊரில் என்றால் அவன் அவள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றியிருப்பான், அவளும் வாய் திறக்காமல் ஏறியிருப்பாள். இங்கே அந்தச் சாக்குத்துணியைத் தாண்டக் காவல்காரனாலும் முடியாது. சின்னப்பன் குரல் உடைந்து கூப்பிட்டான். "சாராளு, அண்ணன் வந்துக்கறேன். வண்டி நிக்குது. வாம்மா."

அவளுக்காக நான் பதில் சொல்லவில்லை. படுதாவின் கீழே அவள் பாதங்கள் வந்து நின்றன.

"நான் வர்லண்ணா."

சின்னப்பன் அப்படியே நின்றுவிட்டான். அந்தக் குரலை அவனும் வெகுநாள் கேட்டிருக்கவில்லை.

"அம்மா கேட்டா இன்னா சொல்லட்டும்?"

அவள் யோசித்தாள். "நல்லா இருக்கேன்னு சொல்லாதண்ணா. இருக்கேன்னு சொல்லு."

அந்தச் சந்தில், தெருவே பார்க்க, தீத்துவை மண்ணில் வைத்த நாளுக்குப் பிறகு முதல்தடவையாக நான் அழுதேன். சின்னப்பனும் அழுதான். வண்டிக்காரன் திகைத்துப்போய் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளேயிருந்து பீபி, "அவன முன் ரூம்புல உக்கார சொல்லு, சாப்ட்டுப் போகட்டும்," என்று சத்தம் போட்டார்.

சாராள் இன்றைக்கும் அதிகம் பேசுகிறவள் அல்ல. அந்தத் தெருவின் கோஷா வீடுகளுக்குப் போய்ப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித் தருகிறாள். அதே பின்பகுதியில்தான் குடியிருக்கிறோம். நான் ஒரு வீட்டைக் கேட்டேன். நான் நுழைய முடியாத ஒரு வாசலைக் கர்த்தர் காட்டினார், அங்கே என் மனைவியைத் தனியாக அனுப்பவைத்து அவளை எனக்குத் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

இந்தக் கூட்டத்தில் நெஞ்சு மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறவர்கள் இருப்பீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். மனது இளகட்டும், கண்ணீர் வரட்டும், அப்புறம் ஜெபித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் கேட்டபோது எனக்குக் கண்ணீரும் இல்லை, விசுவாசம் இருந்ததா என்பதும் தெரியாது. வேண்டியதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அது போதுமாயிருந்தது. இன்று ராத்திரி வீட்டுக்குப் போய் நீங்களும் கேளுங்கள்.