பஸ் ஓடாத பத்து நாள்

சரோஜினிதேவி டீச்சர் 1979இல் யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தளை ஸ்டேஷனுக்கு வந்து இறங்கியபோது, அவரோடு ஒரு தகரப் பெட்டியும் ஒரு பச்சை லேடீஸ் சைக்கிளும் இறங்கின. பெட்டியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

யட்டவத்தப் பக்கத்து முஸ்லிம் கிராமம் ஒன்றின் சின்னப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவர் அவர். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளை சைக்கிளில் போவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த மலைநாட்டு ரோட்டில் ஒரு பெண் சேலையோடு சைக்கிள் மிதிப்பதை அதுவரை யாரும் கண்டதில்லை. ஒரு மாதத்துக்குள் அவர் 'சைக்கிள் டீச்சர்' ஆனார். கடை வாசலில் நின்றவர்கள் "டீச்சர், பெல்லு அடிச்சுக் காட்டுங்க" என்று கேலி செய்தார்கள். டீச்சர் அடித்துக் காட்டினார். பிறகு அவர்களுக்கு அலுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வஹகோட்டை வரைக்கும் போவார். கத்தோலிக்க வேதக்காரர் பழைய காலந்தொட்டு இருக்கிற ஊர் அது. பெரிய கோயில் உண்டு. டீச்சர் கோயிலுக்குள் போனதில்லை. சாமி கும்பிடவா போறீங்க என்று கேட்டவர்களுக்கு, ரோட்டுக்காகப் போகிறேன் என்று சொன்னார். அது யாருக்கும் விளங்கவில்லை. வயல், கமுகு, மிளகுக்கொடி, வளைவுக்கு வளைவு கூடவே வரும் ஆறு, ஏற்றத்தில் இறங்கித் தள்ளினால் அந்தப் பக்கம் காத்திருக்கும் இறக்கம். இதற்கு மேல் ஒரு சாமியிடம் கேட்க என்ன இருக்கிறது என்பது அவருடைய எண்ணம்.

டாக்டராகியிருக்க வேண்டியவர் அவர். 1972இல் பரீட்சை எழுதினார். அதே புள்ளிகளை இன்னொரு மொழியில் எடுத்திருந்தால் மருத்துவ பீடம் கிடைத்திருக்கும். தமிழில் எடுத்த புள்ளிக்கு எடை குறைவு என்று அரசாங்கம் தராசு பிடித்தது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஆனால் நோய், வருத்தம் என்று யாராவது மந்திரித்த நூலைக் கட்டிக்கொண்டு நின்றால் மட்டும் அவருக்குக் கோபம் அடங்காது.

1989 ஜூலையில் ஸைனம்புவை நாய் கடித்தது.

ஸைனம்பு, பள்ளிக்கூடத்துக்குப் பின்வீட்டுக்காரி. வயது முப்பத்தெட்டு. புருஷன் நெஞ்சுவலியில் மவுத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி, வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். வெளியே போகாதவளைத் தேடிவந்து கோழிக்கூட்டடியில் வைத்துக் கெண்டைக்காலில் கடித்தது நாய். வாயில் நுரை. ஊர் கூடி அடித்துக் கொன்று ஆற்றோரம் புதைத்தும்விட்டது. தலையை வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அதற்கு விசர், அதாவது வெறி, பிடித்திருந்ததா இல்லையா என்று தெரிந்திருக்கும். இனித் தெரியாது. தெரியாவிட்டால், விசர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவளுடைய நானா, அதாவது அண்ணன், ஸக்கரியா ஒரு போத்தல் எண்ணெயும் கறுப்பு நூலும் கொண்டுவந்திருந்தார். டீச்சர் போய்ச் சொன்னது இதுதான்: விசர்நாய்க் கடிக்கு, நோய் வெளியே தெரிந்த பிறகு மருந்தே கிடையாது, தெரிவதற்கு முன்னால் ஊசி போட வேண்டும், மாத்தளை ஆஸ்பத்திரியில் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி. ஸக்கரியா, தங்கச்சி இத்தாவில் இருக்கிறாள் என்றார். பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்போம் என்று டீச்சர் சொன்னார். பெரிய வாக்குவாதத்துக்குத் தயாராகத்தான் போனார். அதற்கு வேலையே வரவில்லை. வயதான லெப்பை கேள்வியை முடிக்கவும் விடவில்லை.

"உசுருக்கு ஆபத்துன்னா இத்தா தடுக்காது. நீங்க இன்னும் போகல்லையா?" என்று ஸக்கரியாவைத்தான் கடிந்தார்.

ஆக, தடுத்தது மார்க்கம் அல்ல. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு எந்தக் கிதாபிலும் ஆதாரம் இல்லை.

முதல் நாலு நாளும் வாடகை வேனில் திரை கட்டிப் போனார்கள். ஐந்தாம் நாள் வேன்காரர் வரவில்லை. அரசாங்கத்தை எதிர்த்து எழுந்த சிங்களக் கிளர்ச்சிக்காரர்களின் கடதாசி ஒன்று மதகில் ஒட்டியிருந்தது: மறு அறிவித்தல் வரை மோட்டார் வாகனம் எதுவும் ஓடக்கூடாது. மீறினால் தண்டனை. தண்டனை என்னவென்று எழுதத் தேவை இருக்கவில்லை. பஸ் நின்றது, கடை மூடியது, பள்ளிக்கூடம் மூடியது. ஆண்கள் ரோட்டுக்கு இறங்குவதில்லை. கடதாசி ஒட்டியவர்களிடம் அகப்பட்டாலும் சாவு, அவர்களைத் தேடி வரும் படையினரிடம் அகப்பட்டாலும் சாவு.

ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து போட வேண்டி வரும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி ஏழு மைல்.

டீச்சர் சைக்கிளின் கேரியரில் ஒரு தலையணையை வைத்துக் கயிற்றால் கட்டினார். ஸக்கரியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கேலி செய்தவர்களில் முதல் ஆள் அவர்தான். வேன்காரர் ஆண், பஸ்ஸில் நூறு ஆண். இத்தாவில் இருக்கிறவளை ஏற்றிக்கொண்டு போக, ஒரு பெண் மிதிக்கிற சைக்கிளைவிடப் பொருத்தமான வாகனம் அந்த மாவட்டத்திலேயே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"மெதுவாப் போங்க டீச்சர்," என்று மட்டும் சொன்னார்.

ஏழு மைலும் ரோட்டில் ஒரு வாகனம் இல்லை. சங்கிலியின் சத்தமும் ஆற்றின் சத்தமும்தான். இரண்டு ஏற்றங்களில் இருவரும் இறங்கித் தள்ளினார்கள். மற்ற இடமெல்லாம் நடு ரோட்டிலேயே போனார்கள். வெள்ளையால் போர்த்திக்கொண்டு பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த ஸைனம்பு, மூன்றாவது நாள் பயம் தெளிந்து பேச ஆரம்பித்தாள். இவ்வளவு காலமும் பஸ்ஸில் ஆட்களுக்கு நடுவில் நின்றே போனவள். ஆறு இந்த ரோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் ஓடுவது அவளுக்குத் தெரியாது.

ஒரு காலை, மதகடியில் டயர் புகைந்துகொண்டிருந்தது. டீச்சர் கண்ணை மூடச் சொன்னார். ஸைனம்பு மூடவில்லை. "மூணு பேரு," என்றாள். எரிந்த டயர்களுக்கு நடுவில் கிடந்த உடல்களை எண்ணியிருக்கிறாள். கொன்றது யாரென்று எழுதி வைத்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு பக்கத்திலும் இல்லை.

பத்தாவது ஊசிக்குப் போன நாளில், டவுனுக்கு இப்பால் உள்ள பாலத்தில் புதிதாக ஒரு காவலரண் முளைத்திருந்தது. மணல் மூட்டை, இரண்டு சிப்பாய்கள். ஐம்பது யார் தூரம் இருக்கும்போதே டீச்சர் இறங்கினார். ஸைனம்புவையும் இறக்கினார். தலையைத் தாழ்த்திச் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார். யாரும் இறங்கச் சொல்லவில்லை. லீவுக்கு ஊருக்குப் போன காலங்களில் காவலரணுக்குக் காவலரண் அவர் உடம்பு பழகிய பாடம் அது. மாத்தளையில் யாரும் அப்படிச் செய்வதில்லை. மறித்தால் நிற்பார்கள், அவ்வளவுதான்.

மூத்த சிப்பாய் வெளியே வந்து, யாழ்ப்பாணமா என்று சிங்களத்தில் கேட்டான். பருத்தித்துறையில் இரண்டு வருடம் நின்றவனாம். சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற விதத்திலேயே தெரியும் என்றான். அடையாள அட்டையை வாங்கினான். பிறந்த இடத்தை வாசித்தான். மேலதிகாரியான பெரியவர் வரும்வரை ஓரமாக நிற்கச் சொன்னான்.

மணி பத்து இருபது. ஊசி அறையைப் பதினொரு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். பெரியவர் எப்போது வருவார் என்று அவனுக்கே தெரியாது. டீச்சர் புத்தகத்தில் படித்த சிங்களம் அந்த நேரம் பார்த்து வாய்க்கு வரவில்லை. ஒரு தராசு 1972இல் அவரைத் தள்ளிவிட்டது. இப்போது இன்னொன்று, அட்டையில் இருந்த ஒரு ஊர்ப்பெயரை நிறுத்துப் பார்த்தது.

முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஸைனம்புதான் முன்னால் வந்தாள். இரண்டு மாதத்துக்கு மேலாக ஆஸ்பத்திரிக்காரரைத் தவிர எந்த அந்நிய ஆணோடும் பேசாதவள். அவளுடைய சிங்களம் சந்தையில் பழகிய சிங்களம். ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டை நீட்டினாள். அவள் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"தம்பி, நாய் கடிச்சது எனக்கு. டீச்சருக்கு இல்ல. டீச்சரை நிப்பாட்டினா நானும் இங்கதான் நிக்கணும், எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஊசி தவறினா விசர் வருமாம். வந்தா மொதல்ல பக்கத்துல நிக்கிற ஆளைத்தான் கடிப்பேன்னு நர்ஸ் நோனா சொன்னாங்க."

நர்ஸ் அப்படி எதுவும் சொல்லவில்லை. சிப்பாய் துண்டை வாங்காமல் ஓரடி பின்னால் போனான். இளையவன் சிரித்துவிட்டான். மூத்தவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான். நாளைக்கு இறங்க வேண்டாம், நேராகப் போங்கள், இறங்கினால்தான் சந்தேகம் வருகிறது என்றான்.

பாலம் தாண்டியதும் மறுபடி ஏறி மிதித்த டீச்சர், பின்னால் திரும்பாமல் சொன்னார்: "இத்தாவில இருந்துகொண்டு அந்நிய ஆம்பிளையோட கதைச்சுப் போட்டாய்."

"கதைக்கல்ல டீச்சர். பயங்காட்டினேன். அதுக்குத் தடை இருக்கான்னு லெப்பைக்கிட்ட கேக்கணும்."

பதினொரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஊசி போட்டாயிற்று.

மறுநாள் பாலத்தை மிதித்தே கடந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பதின்மூன்றாம் நாள் திரும்பி வரும்போது, ஆறு அகலமாகும் இடத்தில், ஸைனம்பு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "டீச்சர், இந்த பஸ்ஸு ஓடாமலே இருந்தா நல்லம்னு நெனச்சுட்டேன். பாவந்தானே?"

டீச்சரும் அதைத்தான் நினைத்திருந்தார்.

"ரோட்டை விரும்பினது பாவமில்லை," என்றார். "அது ஏன் வெறுமையாக் கிடக்குது எண்டதை மறந்தால்தான் பாவம்."

பதினான்காவது ஊசி போட்ட நர்ஸ், துண்டில் கடைசிக் கட்டத்தில் கோடு கீறினார். மறுவாரம் பஸ் ஓடத் தொடங்கியது. ஸைனம்பு மிச்ச இத்தாவை வீட்டுக்குள்ளேயே கழித்தாள். வெளியே போன பதினான்கு நாளையும் சேர்த்து இருக்க வேண்டும் என்று ஊரில் சிலர் கிளப்பினார்கள். லெப்பை அவர்களை வேலையைப் பார்க்கச் சொன்னார். விசர் வரவில்லை. ஸக்கரியா அந்த எண்ணெய்ப் போத்தலைக் கிறீச்சிடும் கதவின் பிணைச்சலுக்குப் பயன்படுத்தினார்.

இத்தா முடிந்த மறுநாள் காலை ஸைனம்பு டீச்சரின் வாசலில் வந்து நின்றாள். பூப்போட்ட சேலை கட்டியிருந்தாள். சைக்கிளை ஒருக்காப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். மிதித்துப் பழக வேண்டுமாம்.

"இப்ப ரோட்டில பஸ் ஓடுது," என்றார் டீச்சர்.

"ஓடட்டுமே. ஓரமாப் போனாப் போச்சு."

டீச்சர் கேரியரிலிருந்த தலையணையை அவிழ்த்து உள்ளே போட்டுவிட்டு வந்து, கேரியரைப் பிடித்தார்.