என் காருக்குக் கணவரிடம் பதில்

அறுபது வயது தாண்டிய என் காரில் டைனமோவை எடுத்துவிட்டு, அதைவிட அதிக மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும், கூடுதல் வெளிச்சம் தரும் ஹெட்லைட்டும் போட நினைத்தேன். கோவையில் பேர் போன எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கணவருடன் போனேன்.

"பழைய ஒயர் இந்த லோடைத் தாங்குமா? ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே இல்லையே?" என்று கேட்டேன். அவரோ என் கணவரைப் பார்த்து, "அம்மணி சும்மா பயப்படறாங்க சார். ஒயரெல்லாம் கல்லாட்டம் இருக்குதுங்க" என்றார். கணவரும் சிரித்தார். நானும் மேற்கொண்டு கேட்காமல் வேலையைச் செய்யச் சொல்லிவிட்டேன். தப்பு அதுதான்.

மறுவாரமே பெரியநாயக்கன்பாளையம் தாண்டும்போது மழை பிடித்தது. நான் ஹெட்லைட்டைப் போட்ட சில நிமிடங்களில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. சுவிட்சை அணைத்தும் நிற்கவில்லை. வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, ஸ்பேனரால் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். கணவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தார். உள்ளே ஒயர்கள் உருகி ஒட்டிக் கிடந்தன.

எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். "சார்கிட்டக் குடுங்க அம்மணி, அவருக்குச் சொன்னாப் புரியுமுங்க" என்றார். சாருக்கு பேட்டரி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே தெரியாது!

வேறொருவரிடம் ஒயர் முழுவதையும் மாற்றி, ஃப்யூஸும் போட்டாயிற்று. இப்போதெல்லாம் ஒர்க்‌ஷாப்புக்குக் கணவரை அழைத்துப் போவதில்லை. பக்கத்தில் வேறு முகம் இல்லையென்றால், என் முகத்தைப் பார்த்துத்தானே பதில் சொல்லியாக வேண்டும்!