கொழுப்புக் கட்டி

கோம்போசுரேனின் ஈரலில் வந்திருப்பது என்னவென்று, அவரையும் அவருடைய ஆடுகளையும் தவிர அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் டாக்டர் அவருடைய மனைவி செரென்காண்டையும் மகள் உயாங்காவையும் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார். "நீங்க உருட்டி விளையாடுற ஆட்டுக் கணுக்கால் எலும்பு அளவுதான். ஒண்ணே ஒண்ணு. அந்தத் துண்டை வெட்டி எடுக்கலாம். ஊசிய விட்டுப் பொசுக்கியும் விடலாம். ரெண்டும் சரிப்படலேன்னா வேற ஈரல் வைக்கலாம். இப்ப எல்லா வழியும் இருக்கு. தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்ததும் உயாங்கா அழுதாள். "அப்பாகிட்ட அந்தப் பேரைச் சொல்லிடாதம்மா. கேட்டாலே உடைஞ்சிருவாரு."

செரென்காண்டுக்கும் அதே பயம். கெட்ட வியாதியைப் பேர் சொன்னால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். பாசம் செய்கிற அநியாயத்தைப் பகையாளிகூடச் செய்யமாட்டான்.

"கொழுப்புக் கட்டியாம். எடுத்துட்டா நல்லதாம்," என்றாள் கணவரிடம்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கொழுப்புக்கா வயித்தைக் கிழிப்பாங்க? விக்கிறதுக்கு ஆட்டுக்கெல்லாம் முடி வாரி எடுக்கப்போறது யாரு, உங்கப்பனா? முடிச்சிட்டு வரேன், போ."

முடி வாரி முடிந்தது. அப்புறம் திருவிழாப் பந்தயத்தில் அவருடைய சாம்பல் குதிரை ஓடியாக வேண்டும். அப்புறம் குளிர்காலத்துக்குப் புல் அறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் செரென்காண்டின் தொண்டை வரை வந்தது. ஒவ்வொரு தடவையும் விழுங்கினாள்.

பனி விழுந்த பிறகுதான் மறுபடி டாக்டரிடம் போனார்கள். கட்டி ரத்தக் குழாய்க்குள் புகுந்திருந்தது.

"இனி வெட்ட முடியாது, பொசுக்க முடியாது, ஈரல் மாத்தவும் முடியாது. மருந்து குடுத்துக் கொஞ்ச நாள் இழுக்கலாம்," என்ற டாக்டர், ஆத்திரத்தில் அவரிடமே கேட்டுவிட்டார். "புற்றுநோய்னு தெரிஞ்சும் எங்கய்யா போயிருந்த இத்தனை மாசமா?"

கோம்போசுரேன் மனைவியைப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்லியிருந்தா மந்தையையே வித்துட்டு வந்திருப்பேனேடி."

ஊர் திரும்பியபோது கூடாரத்தில் அக்கம்பக்கத்தார் உப்புத் தேநீர் காய்ச்சி வைத்துக் காத்திருந்தார்கள். எல்லாம் தெரிந்தவர்கள்தான். தெரியாதவர்கள் போல, "டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார்கள்.

"கொழுப்புதான்," என்றாள் செரென்காண்டு, பழக்கத்தில்.

கட்டிலிலிருந்து அவர் கத்தினார். "புற்றுநோய்! இப்பவாவது சத்தமாச் சொல்லுடி!"

அவள் வாயைத் திறந்தாள். அப்போதும் அந்தச் சொல் வரவில்லை.