வந்திருந்தும் வராத பதினோரு நாள்

ஐந்தாம் வகுப்பில் பதினோரு நாள் நான் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேடு அப்படித்தான் சொன்னது. அந்தப் பதினோரு நாளும் முதல் வரிசையில், ஜன்னலோரம், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆளும் பதிவேடும் முரண்பட்டால் பதிவேடுதான் நிற்கும். என் விஷயத்தில் மட்டும் அது நிற்கவில்லை.

அறுபத்தேழில் ஆட்சி மாறியிருந்த சமயம். சுவரெல்லாம் தமிழ், வயலெல்லாம் கூலித் தகராறு. நாற்று முற்றிக்கொண்டிருக்கும், நடவுக்கு ஆள் வராது. வெளியூர் ஆளைக் கொண்டுவந்தால் வரப்பில் செங்கொடி நிற்கும். எங்களுடையது சிறிய மிராசு. பெரிய மிராசு வீட்டுப் பிள்ளைகள் கும்பகோணத்தில் விடுதியில் தங்கிப் படித்தார்கள். எனக்கு வாய்த்தது ஊர்ப் பள்ளிக்கூடம்.

பழைய வாத்தியார் காலத்தில் பெயரைக் கூப்பிட்டால் "பிரசன்ட் சார்" என்போம். அவர் ஓய்வு பெற்றதும் புதிதாக ஒருவர் வந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். சட்டைப்பையில் நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு பேனா. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நாளையிலேருந்து 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லுங்க. நம்ம மொழியில சொல்ல நமக்கென்ன கூச்சம்?"

எல்லாப் பிள்ளைகளையும் 'ங்க' போட்டுத்தான் பேசினார். விவசாயக் கூலிகளின் கீழத்தெருவிலிருந்து வந்த பிள்ளைகள், தங்களுக்குப் பின்னால் யாராவது பெரியவர் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாப்பிடும்போது வீட்டில் இதைச் சொன்னேன். புது வாத்தியார் யார் என்பது சித்தப்பாவுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"அண்ணி வீட்டுப் பண்ணையில ஏர் ஓட்டினானே, அவன் மவன். படிச்சிட்டு வந்திருக்கான்."

சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. அப்பா என்னைப் பார்த்தார்.

"சார்னு ஆயிரம் தடவை சொல்லு. அது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது, யாருக்கு வேணும்னாலும் கொடுக்கலாம். அவனை ஐயான்னு சொன்னேன்னு காதுல விழுந்துச்சு, தோலை உரிச்சிடுவேன்."

ஐயா என்பது கீழத்தெருக்காரர்கள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பாவைக் கூப்பிடுவது. அந்த வருஷம் அந்தச் சொல்லின் வரத்து எங்கள் வாசலில் குறைந்திருந்தது. இளவட்டங்கள் "என்னங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். வரத்துக் குறைந்த பொருளை யாரும் வெளியே கொடுக்க மாட்டார்கள்.

மறுநாள் என் பெயர் வந்ததும் "பிரசன்ட் சார்" என்றேன். வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ளேன் ஐயா. சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை.

"சொன்னபடி குரல் வந்தாத்தான் வந்ததாக் கணக்கு" என்று சொல்லி, வரவில்லை என்று குறித்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இது தினமும் நடந்தது. ஒரு நாளும் அவர் என்னை அடிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. பதிவேட்டை மூடியதும் மற்ற எல்லாரையும் போல எனக்கும் பாடம் நடத்தினார். சாயங்காலம் என் நோட்டைத் திருத்தி, சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதி, கீழே தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். காலையில் பத்து நிமிஷம் கொள்கை, மீதி நேரம் முழுக்க வேலை. இப்படிப்பட்ட ஊழியர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். கொள்கை மட்டும் வைத்திருப்பவர்கள் மாட்டுவதில்லை.

எனக்குப் பின்னால் கீழத்தெருப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வகுப்பிலேயே உரக்க "உள்ளேன் ஐயா" சொல்பவள் அவள்தான்.

"ஒரு தடவ சொன்னா ஒனக்கு வாய் வெந்துடுமா? எங்கப்பா ஒங்கப்பாவ நாளுக்கு நூறு தடவ சொல்லுது."

"எங்கப்பா அடிப்பாரு."

"எங்கப்பாவையுந்தான் அடிச்சாரு. அதுக்காக நான் பேசாம இருக்கனா?"

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை, விஷயம் வீட்டுக்குப் போய்விட்டது. சித்தப்பா மனு எழுதுவதில் பேர் போனவர். மரியாதை தெரியாதவன் என்று ஆரம்பிக்கச் சொன்னார் அப்பா. சித்தப்பா பேனாவை எடுக்கவே இல்லை.

"ஐயா கிய்யான்னு எழுதினா நம்ம தலையிலதான் விடியும், அண்ணே. ஆட்சி அவங்க பக்கம். வந்த பிள்ளைய வரலைன்னு போட்டிருக்கான் பாருங்க, அது பொய்ப் பதிவு. அதுக்குத் தமிழும் கிடையாது, கட்சியும் கிடையாது."

கனம் போதவில்லை என்று, 'பாடமும் நடத்துவதில்லை' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்து, அதை உரக்கப் படித்துக் காட்டினார். என் மனதில் நின்றது அந்த வரிதான். அது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். வாத்தியாருக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாளே சித்தப்பா மனுவை நேரில் கொடுத்துவிட்டு வந்தார்; திங்கட்கிழமை காலை, பெயர் கூப்பிடும் முன்பே, பள்ளி ஆய்வாளர் ஜீப்பில் வந்தார். வாத்தியாரின் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைப் பிரித்தார். வாத்தியார் சுவரோரம் நின்றார். ஆய்வாளர் என் பெயரைப் படித்தார். நான் எழுந்து, வாத்தியாரைப் பார்த்துக்கொண்டே, தொண்டை கிழிய "உள்ளேன் ஐயா" என்றேன். பின்னால் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். வாத்தியார் சிரிக்கவில்லை.

ஆய்வாளர் நல்ல மனுஷர். கோப்பை அங்கேயே முடித்துவிடப் பார்த்தார் என்பது இப்போது புரிகிறது.

"தம்பி, நடுவுல காய்ச்சல் கீய்ச்சல்னு வீட்டுல இருந்திருப்ப, இல்ல?"

தலையை ஆட்டியிருந்தால் போதும். பதிவேடு உண்மையாகியிருக்கும், மனு பொய்யாகியிருக்கும். வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க. ஒரு நாள்கூட நிக்கலை. தினமும் வந்தேன், தினமும் சார் பாடம் நடத்தினாங்க. பாருங்க" என்று நோட்டை எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் விரித்து வைத்தேன்.

ஆய்வாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினோரு தேதி, பதினோரு கையெழுத்து, பதினோரு 'நன்று'. பதிவேட்டையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"இது என்கிட்ட இருக்கட்டும், தம்பி."

ஆய்வாளரோடு வெளியே போகும்போது வாத்தியார் என் தோளில் கை வைத்து, "நல்லாப் படிங்க" என்றார்.

மறுபடி அவர் வகுப்புக்கு வரவில்லை. தகுதிகாண் பருவத்தில் இருப்பவரை வேலையை விட்டு அனுப்பப் பெரிய நடைமுறை ஏதும் வேண்டாம், ஒரு வரி ஆணை போதும். அதே வரியை என் பணிக்காலத்தில் எத்தனையோ பேருக்கு நானே வரைவு எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். அவருடைய கோப்பைத் தேடிப் பார்த்ததில்லை. அத்தகைய கோப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. தேடாமலிருக்க அது வசதியாக இருந்தது.

அடுத்து வந்தவருக்கு எதுவும் பிரச்சினையில்லை. மறுபடியும் "பிரசன்ட் சார்" சொன்னோம். கீழத்தெருப் பெண் மெதுவாகச் சொன்னாள், அப்புறம் வருவதை நிறுத்திவிட்டாள்.

சில வாரம் கழித்து அப்பாவிடம் கேட்டேன்.

"என் நோட்டு எப்பப்பா வரும்?"

"எந்த நோட்டு?"

அதில் கடைசி எட்டுத் தாள் எழுதாமல் கிடந்தது. இவ்வளவு நல்ல வாத்தியார் என்று மேலிடத்தில் காட்டிவிட்டுத் திருப்பித் தருவார்கள் என்று, அந்த எட்டுத் தாளுக்காக முழுப் பரீட்சை வரை காத்திருந்தேன்.