கடலிலிருந்து வந்த மாமா

மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் மாமன்மார் நாகப்பட்டினம் கப்பலில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். எனக்கு வாய்த்த மாமா சொட்டச் சொட்ட நனைந்து, அத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பினாங்குத் துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தொங்கான் படகில் அத்தாவுக்கு வேலை. அது ரப்பர் விலை விழுந்த காலம். ஆள் தேவையென்றால் ஆசை காட்டிக் கப்பலில் கூட்டி வருவார்கள், தேவையில்லையென்றால் அதே கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கறிவேப்பிலைப் பிழைப்புதான். இந்த மாமாவையும் அப்படித்தான் ஏற்றியிருந்தார்கள். மனைவியோ அக்கரையில் புக்கிட் தெங்கா ரப்பர் தோட்டத்தில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவளை அடுத்த கப்பலில் அனுப்புவோம் என்றார்களாம். மனிதர் நம்பவில்லை, கடலில் குதித்துவிட்டார். மூழ்கப்போனவரை அத்தா தொங்கானில் தூக்கிப் போட்டார்.

அம்மா கைலி கொடுத்தாள், கஞ்சி கொடுத்தாள். "சாப்புடுங்கண்ணே" என்றாள். என்னிடம், "மாமாவுக்குத் தண்ணி கொண்டா" என்றாள். தெருவில் போலீஸ் வருகிறது என்று கேட்டதும், அத்தாவின் தொழுகைத் தொப்பியை எடுத்து அவர் தலையில் வைத்தாள்.

வந்த போலீஸ்காரர் மலாய்க்காரர். எங்கள் பள்ளிவாசல் தெருவிலேயே வளர்ந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. கப்பலிலிருந்து குதித்தவனைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்றார். இவர் என் அண்ணன் என்று அம்மா சொன்னாள். போலீஸ்காரர் என் பக்கம் குனிந்தார்.

"இது யாரு, புள்ள?"

"மாமா."

பெரியவர்கள் பொய் சொன்னாலும் சிறுபிள்ளை சொல்லாது என்று நினைத்திருப்பார். நானும் சொல்லவில்லை.

"அப்ப நான் யாரு?"

"நீங்களும் மாமாதான்."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. போலீஸ்காரர் அந்த மாமாவையே பார்த்தார். தொப்பிக்குக் கீழே இரண்டு காதிலும் கடுக்கன் போட்ட துளை. எங்கள் ஜனத்தில் ஆண்பிள்ளைக்குக் காது குத்தும் வழக்கம் கிடையாது.

"அண்ணனோட தொப்பிய காது வரைக்கும் இழுத்து விடுங்கக்கா. அடுத்து யாராச்சும் வருவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நனைந்த மனிதருக்குக் காதில் காற்றுப் படக்கூடாது என்றுதான் சொல்கிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் அத்தா அவரைத் தொங்கானில் அக்கரைக்கு ஏற்றிப் போகும்வரை, தொப்பி மேலேறும்போதெல்லாம் நானே இழுத்து விட்டேன். ஒவ்வொரு முறையும் மாமா அழுதார். காதுதான் வலிக்கிறதென்று, அம்மாவிடம் எண்ணெய் காய்ச்சித் தரச் சொன்னேன்.